முனியாண்டி முன் ஒரு சத்தியம், மாஜிஸ்திரேட் முன் ஒன்று

போன மாதம் எங்கள் ஜுருபாசா வாட்ஸ்அப் குழுவில் கவிதா ஒரு படம் போட்டாள். ஜுருபாசா என்றால் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் என்னைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை. படத்தில் இருந்தது, மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரிக்குப் பரிசு கொடுக்க வாங்கிய பொம்மை. கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தராசும் மறு கையில் வாளுமாக நிற்கிற பெண். கீழே, "அக்கா, இந்த லேடி யாரு? ஸ்பீச்ல சொல்லணும், நாளைக்கே வேணும்லா" என்று எழுதியிருந்தாள். இன்டர்நெட்டில் தேடினாயா என்று கேட்டேன். "தேடிட்டேன்க்கா. பத்து எடத்துல பத்து விதமா போட்டிருக்கான்" என்றாள்.

நாளைக்கே வேண்டுமாம்! இருபத்தெட்டு வருடம் மலாக்கா, ஜாசின், அலோர் காஜா என்று கோர்ட்டு கோர்ட்டாக நின்று கால் வீங்கிப்போன எனக்கு இன்னமும் அவசர வேலை ஓய்ந்தபாடில்லை. திட்டிக்கொண்டே இரண்டு வரியில் பதில் போட்டேன். ஆனால் அந்தப் பெண் யார் என்று எனக்குச் சொன்னவரையும், அவர் சொன்ன கதைக்குப் பிறகு நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் இரண்டு வரியில் எழுத முடியாது. குழுவில் நீளமாக எழுதினால் "அக்கா, வாய்ஸ் மெசேஜ் போடுங்க" என்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, ஒரு தேர்வு, ஒரு நேர்முகம், வேலை. பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு மாதம் மூத்தவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், ஏழாவது மாதம் என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவ்வளவுதான்.

வேலையின் சட்டம் ஒன்றே ஒன்று. கூட்டாதே, குறைக்காதே. சாட்சி அழுதால் நீ அழக்கூடாது, சாட்சி கெட்ட வார்த்தை பேசினால் நீ பேசியாக வேண்டும். முதல் வருடத்திலேயே அடிதடி வழக்கு ஒன்றில், ஒருவன் இன்னொருவனைத் திட்டிய அத்தனையையும் நான் மலாயில் ஒன்று விடாமல் சொல்ல வேண்டியதாகிவிட்டது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அன்று சாயங்காலம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

மொழிபெயர்ப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். வழக்கின் பெயரைக் கூப்பிடுவது நாங்கள், சாட்சிக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுப்பது நாங்கள், சான்றுப் பொருளுக்கு அட்டை கட்டி எண் போடுவது நாங்கள். ஒரு டுரியான் திருட்டு வழக்கில், யாரோ ஒரு புத்திசாலி பழங்களையே மூட்டையோடு கொண்டுவந்து சான்றாக வைத்துவிட்டான். இரண்டு நாளில் நாற்றம் தாங்காமல் எங்கள் அறைக்குள் யாரும் நுழைய முடியவில்லை. அதற்கும் அட்டை கட்டியது நான்தான்.

இனி புவான் ரொஹானாவைப் பற்றி. புவான் என்றால் மலாயில் அம்மையார். நான் வேலையில் பாதி தூரம் வந்திருந்த சமயம், அவர் எங்களுக்கு மாஜிஸ்திரேட்டாக வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். அந்தக் குரலை அவர் உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போது இப்போதுபோல் கேமரா வைத்துப் பதிவு செய்யும் ஏற்பாடு இல்லை. சாட்சி சொல்லச் சொல்ல, நான் மலாயில் சொல்லச் சொல்ல, அவர் கையால் எழுதுவார். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வக்கீல்கள் அவசரப்பட்டால் தலையை நிமிர்த்தாமலே இடது கையை மட்டும் தூக்குவார். அந்தக் கை இறங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி. சில நாள் எனக்குக்கூட எரிச்சலாக வரும். "இந்தம்மா எழுதி முடிக்கிறதுக்குள்ள சாட்சிக்கு வயசாயிடும்போல" என்று எங்கள் அறையில் நான் முணுமுணுத்தது உண்டு.

அவருடைய அறை மேசையில் அதே பொம்மை இருந்தது, இந்தத் தராசுக்காரி. ஒரு மழை நாள் மத்தியானம், சாட்சிகளை ஏற்றிவந்த போலீஸ் வேன் சிம்பாங் அம்பாட் பக்கம் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. வேலை நின்றுவிட்டது. கோப்பில் கையெழுத்து வாங்கப் போன நான், சும்மா இருக்காமல், "புவான், இது யாரு?" என்று கேட்டேன். அவர் பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினார்.

"இது எங்க மதமும் இல்லை, உங்க மதமும் இல்லை, புவான் தனம். வெறும் கதை. கேட்கிறீங்களா?" என்றார்.

அவள் பெயர் தெமிஸாம். கிரேக்கர்களின் தெய்வம். வானத்துக்கும் பூமிக்கும் பிறந்தவள். சட்டம் என்று ஒன்றை யாரும் எழுதுவதற்கு முன்னாலேயே, இது முறை, இது முறையில்லை என்று தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் சொன்னவள். கண்ணைக் கட்டியது கிரேக்கர்கள் இல்லையாம், ரொம்பப் பிற்காலத்தில் வந்தவர்கள் செய்த வேலையாம். அவளுக்கு டைக்கி என்று ஒரு மகள், அவள்தான் நீதி. ஊருக்குள் மனிதர்களோடு நடமாடியவள். கோணல் தீர்ப்பு சொல்லி யாராவது அவளைத் தெருவில் இழுத்தால், அழுதுகொண்டே போய்த் தகப்பன் சூஸ் பக்கத்தில் உட்கார்ந்து கோள் சொல்வாளாம். சூஸ்தான் அங்கே தேவர்களுக்கெல்லாம் ராஜா. மனிதர்கள் ரொம்பவும் கெட்டுப்போனதும் அவள் பூமியே வேண்டாம் என்று வானத்துக்குப் போய்விட்டாள். நட்சத்திரக் கூட்டத்தில் கன்னி என்று இருப்பது அவள்தான் என்று சொல்வார்களாம்.

"நான் கன்னி ராசிதான் புவான்" என்றேன். "அதான் எனக்கு யாரப் பாத்தாலும் குத்தமாவே தெரியுது."

அவர் சிரித்துவிட்டு இன்னொன்று சொன்னார். ஆதியில் மனிதர்கள் ஊராகக் கூடியபோதெல்லாம் அடித்துக்கொண்டு செத்தார்களாம். சூஸ் தன் தூதனிடம் வெட்கத்தையும் நீதியையும் கொடுத்து அனுப்பினார். தூதன் கேட்டான்: "வைத்தியம் ஊருக்கு ஒருவனுக்குத் தெரிந்தால் போதும் என்று விட்டோமே, இதையும் அப்படி ஒரு சிலருக்குக் கொடுக்கவா, எல்லாருக்குமா?" எல்லாருக்கும் கொடு, இல்லாவிட்டால் ஊரே நிற்காது என்று உத்தரவு வந்தது.

"அப்ப வக்கீல் எதுக்கு புவான்?" என்று கேட்டேன். அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

கடைசியாக, முதல் கோர்ட்டு எப்படி வந்தது என்று சொன்னார். தகப்பனைக் கொன்ற தாயை, மகன் ஒருவன் கொன்றுவிட்டான். பெற்றவளின் ரத்தம் மண்ணில் விழுந்ததும் எரினியர் என்ற பழைய தெய்வங்கள் கிளம்பிவிட்டன. தலைமுடியெல்லாம் பாம்பு. செய்த சத்தியத்தை மீறினவனையும், பெற்றவர்களுக்குக் கெடுதல் செய்தவனையும் விடாமல் துரத்துகிற கூட்டம். அவன் ஓடிப்போய் அதீனாவின் காலடியில் விழுந்தான். அதீனா சூஸின் மகள், அறிவுக்குத் தெய்வம். அவளோ, "இது நான் ஒருத்தி தீர்க்கிற காரியம் இல்லை" என்று ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, உறுதிமொழி வாங்கி, இரண்டு பக்கத்தையும் பேசவிட்டு, ஓட்டுப் போடச் சொன்னாள். பாதிக்குப் பாதி விழுந்தது. அதீனாவின் ஓட்டு அவனை விடுவித்தது. எரினியருக்கு வந்ததே கோபம்! பயிர் கருகும், பிள்ளை பிறக்காது என்று சாபம் போடக் கிளம்பினார்கள்.

"அதீனா அவங்களை அடிச்சுத் துரத்தலை" என்றார் புவான் ரொஹானா. "நீங்க தோற்கலை, இங்கேயே இருங்கன்னு சொன்னா. கோர்ட்டு இருக்கிற குன்றுக்குக் கீழேயே அவங்களுக்கு இடம் கொடுத்தா. எந்தக் காரியத்திலும் முதல் படையல் அவங்களுக்குத்தான்னு சொன்னா. எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்சது அந்த இடம்தான்."

"நம்ம முனியாண்டி மாதிரி" என்று சொல்லிவிட்டேன். அது யார் என்று கேட்டார். தோட்டத்து எல்லையில் மரத்தடியில் அரிவாளோடு நிற்கிற காவல் சாமி என்றேன். போலீசுக்குப் போகும் முன்னால் எங்கள் ஆட்கள் அங்கேதான் போவார்கள் என்றும், எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீற மாட்டார்கள் என்றும் சொன்னேன். மீறினால் குடும்பத்துக்கே ஆகாது.

"நீங்க நம்புறீங்களா?" என்றார்.

"கோர்ட்டுல நம்பல புவான். வீட்டுக்குப் போனா நம்புறேன்."

இது நடந்து ஓர் ஆறேழு மாதம் இருக்கும், மாரியாயி அம்மாவின் வழக்கு வந்தது.

எங்கள் நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கோவிந்தன் என்ற செம்பனைக் குலை வெட்டுகிறவரைச் சாயங்கால மழையில் யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்துக் கையை உடைத்துவிட்டார்கள். அடித்தவனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஓடியவன் முதுகில் இருந்த மஞ்சள் மழைக்கோட்டைப் பார்த்தார். தோட்டத்தில் அந்த மஞ்சள் கோட்டு குமாருடையது. மாரியாயி அம்மாவின் சின்ன மகன், கல்யாணமாகாதவன், லோரி ஓட்டுகிறவன். அந்தக் குடும்பத்து ஆடுகள் கோவிந்தனின் கீரைப் பாத்தியில் மேய்ந்து ஏற்கெனவே சண்டை. அந்தச் சண்டையில் அதிகம் கத்தியவனும் குமார்தான். போலீஸ் அவனைப் பிடித்தது, ஜாமீனில் வெளியே வந்தான், வழக்கு விசாரணைக்கு வந்தது. நிரூபணமானால் சிறை நிச்சயம்.

குமார் சொன்னது ஒன்றுதான். அந்த நேரத்தில் நான் வீட்டில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன், அம்மா பக்கத்திலேயே இருந்தார். ஆக, அவனைக் காப்பாற்ற ஊர் உலகத்தில் ஒரே சாட்சி பெற்ற தாய். அவனுடைய வக்கீல், ஒரு தமிழர், அவரைக் கூண்டுக்கு அழைத்தார்.

அன்று காலை வெளியே பெஞ்சில் குமாரும் அவன் அண்ணன் சேகரும் ஒரே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சேகருக்குக் கல்யாணமாகி இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். முட்டையைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டான். எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

மாரியாயி அம்மா கூண்டில் ஏறினார். அறுபது வயதிருக்கும். நான் பக்கத்தில் நின்று அட்டையைப் பார்த்து உறுதிமொழியைத் துண்டு துண்டாகச் சொன்னேன், அவர் பின்னால் சொன்னார். "நான் சொல்லப்போவது உண்மை." சொன்னார். "முழு உண்மை." வாயை மூடிக்கொண்டார். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன்.

"அது முடியாதும்மா" என்றார். "அன்னிக்கிச் சாயங்காலம் நடந்தத எங்கயும் பேச மாட்டேன்னு முனியாண்டி முன்னாடி கற்பூரத்த அணைச்சிட்டேன்."

அப்படியே மலாயில் சொன்னேன். அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, சாட்சி பேச மறுப்பது குற்றம் என்று எச்சரிக்கச் சொன்னார். புவான் ரொஹானா எச்சரித்தார், நான் தமிழில் சொன்னேன்.

"புடிச்சிப் போட்டா போடட்டும்மா. நான் உள்ள இருந்துக்கிறேன்" என்றார் அந்த அம்மா.

புவான் ரொஹானா எழுதிக்கொண்டிருந்தார். இடது கை மேலே தூக்கியபடி இருந்தது. எதிரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் குமாரைப் பார்த்தேன். தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கற்பூரத்துக்காகப் பிள்ளையைச் சிறைக்கு அனுப்புகிறாளே இந்த மனுஷி என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பதினான்கு வருடமாக நான் காத்துவந்த ஒரே சட்டத்தை அந்த இடத்தில் மீறினேன். யாரும் கேட்கச் சொல்லாத ஒன்றை, மெதுவாக, அவர் காதோரம் கேட்டேன்.

"அம்மா, பெத்த புள்ளையக் காப்பாத்துறதுக்கு மேல என்னம்மா சத்தியம்? முனியாண்டி கோவிச்சுக்கவா போறாரு? பேசுங்கம்மா."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

"எந்தப் புள்ளையம்மா?" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அறையில் இருந்த தமிழர் அத்தனை பேருக்கும் அது கேட்டுவிட்டது. குமாரின் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பார்வையாளர் பெஞ்சில் சேகர் தலையைக் குனிந்துகொண்டான். மஞ்சள் கோட்டை அன்று போட்டுக்கொண்டு போனது யார், தாயிடம் சத்தியம் வாங்கியது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. குமார் வீட்டில் இருந்தான் என்று தாய் சொன்னால், அடுத்த கேள்வி, கோட்டை எடுத்துக்கொண்டு போனது யார் என்பதுதான். அதனால்தான் அவரால் ஒரு வார்த்தைகூட ஆரம்பிக்க முடியவில்லை. ஒருவனைக் காப்பாற்ற வாயைத் திறந்தால் இன்னொருவன் போவான்.

அது புரியாமல் இருந்தவர்கள் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் மாஜிஸ்திரேட்டும்தான். புவான் ரொஹானா தலை நிமிர்ந்தார்.

"புவான் தனம், நீங்கள் சாட்சியிடம் என்ன சொன்னீர்கள்? சாட்சி என்ன பதில் சொன்னார்?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன். சொன்னால் அந்த அம்மாவின் சத்தியத்தை அவர் சம்மதமில்லாமல் நான் உடைக்கிறேன். சொல்லாவிட்டால், உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று வேலையில் சேர்ந்தபோது நான் செய்த சத்தியத்தை உடைக்கிறேன், குமாரும் உள்ளே போகிறான். நான் கேட்டதையும் அவர் பதிலையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். சொல்லி முடித்ததும் மாரியாயி அம்மா என் கையைப் பிடித்தார். "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா? நான் ஒண்ணும் சொல்லலதானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்கு வேதனைதான்.

குமாரின் வக்கீல் துள்ளி எழுந்து, இந்தப் பதிலைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். அவர் வேலை அது. புவான் ரொஹானாவின் இடது கை உயர்ந்தது.

"இது நீதிமன்றம் கேட்ட கேள்வி இல்லை. அதனால் இந்தப் பதிலும் நீதிமன்றத்துக்குச் சொந்தமில்லை. சாட்சி இன்னும் உறுதிமொழியே எடுக்கவில்லை. நான் எழுதப் போவதில்லை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "புவான் தனம், இந்தக் கூண்டில் உங்களுக்கென்று ஒரு குரல் கிடையாது. மறந்துவிட்டீர்கள்." எல்லார் முன்னாலும். எனக்குக் காது மடல் சுட்டது. பிறகு அறைக்குக் கூப்பிட்டு விளக்கக் கடிதமும் எழுதி வாங்கினார். என் கோப்பில் அந்தக் கடிதம் ஒன்றுதான் கறை.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. தாயைப் பார்த்து, என் வழியாக, ஒரு கேள்வி கேட்டார். "என்ன சத்தியம், யாருக்குச் செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. இப்படிப்பட்ட சத்தியத்திலிருந்து விடுபட உங்கள் வழக்கத்தில் வழி உண்டா?"

மாரியாயி அம்மா யோசித்தார். "கேட்டு வாங்குனவங்களே அதே எடத்துக்கு வந்து, மறுபடியும் கற்பூரம் ஏத்தி, விட்டேன்னு சொல்லணும். நான் போய்க் கேக்கக் கூடாது. அவங்களா வரணும்."

நான் சொன்னேன், அவர் எழுதினார். எழுதி முடித்து, பார்வையாளர் பெஞ்சு பக்கம் பார்த்து, இதை எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன்:

"இந்தத் தாயிடமிருந்து யாராவது ஒரு வாக்கு வாங்கியிருந்தால் கேட்டுக்கொள்ளட்டும். வழக்கு இரண்டு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது. அன்று இவரிடம் நிச்சயமாகக் கேள்வி கேட்கப்படும். அன்று இவர் தன் சத்தியத்தை மீற வேண்டும், அல்லது சட்டத்தை மீற வேண்டும். அந்தப் பாரத்தை இவர் தலையில் வைத்தவருக்கு இரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது."

கூட நாலு வார்த்தை போட்டு, சேகரின் மூஞ்சியைப் பார்த்து நறுக்கென்று கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. போடவில்லை. அவர் சொன்னது எவ்வளவோ, அவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில், பாச்சாங் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கையில்தான் எனக்கு அந்த மழை நாள் கதை ஞாபகம் வந்தது. இந்தம்மா முனியாண்டியைக் கோர்ட்டுக்கு வெளியே தள்ளவில்லை, கீழே ஓர் இடம் போட்டு உட்கார வைத்துவிட்டார் என்று நினைத்தபோது, வாங்கின திட்டுகூட எனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வழக்கைக் கூப்பிட்டேன். மாரியாயி அம்மா கூண்டில் ஏறினார். நான் அட்டையைக் கையில் எடுத்தேன். பெஞ்சிலிருந்து சேகர் எழுந்து நின்றான். நெற்றி நிறையத் திருநீறு. போலீஸ்காரர் உட்காரச் சொல்லிச் சைகை செய்தார். அவன் உட்காரவில்லை.

"அம்மா வேணாம்மா. நீ ஒண்ணும் பேசாத. நானே சொல்லிடுறேன்."

சொன்னதைச் சொன்னேன். புவான் ரொஹானா அவனை அங்கேயே நிறுத்தினார். நீங்கள் இங்கே குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, நீங்கள் சொல்வது உங்களுக்கே எதிராகத் திரும்பலாம், முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள் என்றார். அவன் தலையை ஆட்டிக்கொண்டு, "நேரா ஸ்டேஷனுக்கே போறேன் துவான்" என்றான். பதற்றத்தில், பெண்ணுக்குச் சொல்லும் புவானை ஆணுக்குச் சொல்லும் துவான் ஆக்கிவிட்டான். அதைத் திருத்துவதும் என் வேலையில்லை.

குமார் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டு அவன் விடுதலையானான். சேகர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அதே நீதிமன்றத்தில், குற்றச்சாட்டை நானே தமிழில் வாசித்தேன். ஒப்புக்கொண்டான். தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, "ரெண்டு வாரமும் எங்கம்மா ரெண்டு பேருக்கும் சோறு போட்டுச்சு. சத்தியத்த விட்டுக்குடுன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒரு தடவ கேட்டிருந்தாக்கூட நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேன்" என்றான்.

அப்போது மாரியாயி அம்மா கையைத் தூக்கினார். "இப்ப நான் பேசலாமா?"

புவான் ரொஹானா அனுமதித்தார். அந்த அம்மா முதலில் பெஞ்சில் கட்டுக் கையோடு இருந்த கோவிந்தனிடம் திரும்பிக் கும்பிட்டார். "கோவிந்தண்ணே, என் மகன் செஞ்சதுக்கு மன்னிச்சிருங்க." கோவிந்தன் நல்ல கையை லேசாகத் தூக்கி இறக்கினார். பிறகு அந்த அம்மா மாஜிஸ்திரேட்டிடம் பேசினார். எங்கள் வேலையில் சாட்சியின் வார்த்தையைத் தன் வார்த்தைபோல 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் நானும் நீதிமன்றத்தில் நின்று, எட்டு மாதத்தில் அவசரமாகப் பிறந்த மூத்த மகனை வளர்த்த கதையைச் சொன்னேன். தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு நடந்ததைச் சொன்னேன். "இவன் அடிச்சது தப்பு. மறைச்சது அதவிடப் பெரிய தப்பு. எங்கையப் புடிச்சுச் சாமிகிட்ட கூட்டிட்டுப் போயி சத்தியம் வாங்குனது எல்லாத்தவிடப் பெரிய தப்பு. ஆனா அவனாவே சாமிகிட்ட திரும்பி வந்து, கற்பூரம் ஏத்தி, விட்டேன்னு சொன்னான். அதயும் எழுதிக்குங்க" என்றதையும் சொன்னேன். ஒரு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டேன். புவான் ரொஹானா திட்டவில்லை. அத்தனையையும் எழுதினார்.

எட்டு மாதச் சிறை. அந்தக் குற்றத்துக்கு அது குறைவுதான். சேகரின் மனைவி பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அழுதாள். நான் தீர்ப்பைத் தமிழில் தாய்க்குச் சொன்னேன். அவர் விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். பிறகு மகனைப் பார்த்து, வீட்டில் பேசுவதுபோலச் சாதாரணமாக ஏதோ சொன்னார். புவான் ரொஹானா கோப்பை மூடப் போனவர் நிறுத்தி, என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார்.

"தீபாவளி எட்டு மாதத்துக்குள் வந்துவிடுகிறது. அதனால் இந்த வருடம் நம் வீட்டில் தீபாவளியைத் தள்ளிவைத்திருக்கிறேன், நீ வந்ததும் தம்பியோடு சேர்ந்து கொண்டாடலாம் என்கிறார், புவான்."

புவான் ரொஹானா மறுபடியும் கோப்பைத் திறந்தார். பேனாவை எடுத்தார். கூண்டில் நின்ற மகனையும், பெஞ்சில் இருந்த தம்பியையும், நடுவில் நின்ற தாயையும் ஒருமுறை பார்த்தார்.

"நீதிமன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லுங்கள், புவான் தனம்" என்றார்.

சொன்னேன்.